மருந்தினால் விளையும் சருமக் கேடு

நமது சரீரத்தை மூடியுள்ள தோல் ஓயாது தேய்ந்து, ஓயாது புதுப்பிக்கப்படுவது. அதன் அடியிலுள்ள உயிரணுக்கள் பிரிந்து பெருகி மேலெழுந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் உதிர்கின்றன. கீமோதெரபி என்னும் இரசாயன சிகிச்சையோ விரைந்து பிரியும் அணுக்களை அழிப்பது; நோயணு இன்னது, நல்லணு இன்னது என்று முற்றும் பகுத்தறிய வல்லதன்று. ஆதலின் நுரையீரலிலுள்ள கட்டிக்கென்று செலுத்திய மருந்து மயிரை உதிர்ப்பதும், வாயைப் புண்ணாக்குவதும், தோலைச் சிவக்கச் செய்வதும் வியப்பன்று.

இம்மருந்துகளுக்கும் தோலுக்குமுள்ள பகை பழையது. 1942-ஆம் வருஷம் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றப்பெற்ற நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருள், முதல் மகாயுத்தத்தில் போர்வீரரின் உடலைக் கொப்புளிக்கச் செய்த விஷவாயுவின் இனத்ததே. பின்னர் வேறொரு வழி பிறந்தது. அதில் நம் நாட்டாருக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்கள் (இப்பெரியாரின் பெயரை நம் மாணாக்கரிற் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது) அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிசாலைக்குத் தலைமை வகித்தபோது, போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவருடைய குழுவினர் ஆக்கினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பதை 1947-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். இன்று நுரையீரற் புற்றுநோயின் ஒருவகைக்கு வழங்கும் பெமெட்ரெக்ஸட் அவ்வழி வந்த மருந்தேயாம்.

பெமெட்ரெக்ஸட் ஏற்றப்பெற்றவர்க்குத் தடிப்பும் அரிப்பும் உண்டாதல் கூடும். ஆகையால் ஏற்றும் நாளுக்கு முன்னாள் தொடங்கி மறுநாள் வரை டெக்ஸாமெத்தஸோன் மாத்திரையும், ஒரு வாரம் முன்னரே போலிக் அமிலமும் பி-12 ஊசியும் கொடுக்கின்றனர். முன்னது தோலைக் காப்பது. பின்னவை இரத்தத்தையும் குடலையும் காப்பவை. "சத்து மாத்திரைதானே" என்று இவற்றை விட்டுவிடுதல் தகாது.

ஜெபிடினிப், எர்லோடினிப் முதலிய மாத்திரைகளின் செய்தி வேறு. கண்டிப்பாய்ச் சொல்லின் இவை கீமோதெரபியைச் சேர்ந்தவையல்ல. புற்றணுவின் வளர்ச்சிக்குரிய ஒரு வாயிலை அடைப்பவை. அவ்வாயில் தோலின் அணுக்களிலும் உண்டு. அதனால் இரண்டொரு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் பருக்கள் போன்றவை எழும். காண்பதற்குக் கொடிதாயினும் பெரும்பாலும் இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவும் வைத்தியர் பலர் இதனைக் கொள்வர். வெயிலை விலக்கி, அவர்கள் தரும் களிம்பையும் மாத்திரையையும் கொண்டால் பெரும்பாலும் தணியும். ஆனால் நம் கிராமங்களில் உடம்பெங்கும் முத்து முத்தாக எழுந்தவற்றைக் கண்டால் அம்மை என்றே கொள்வர். வேப்பிலை வரும், மருந்து நிற்கும். நோயைத் தடுத்துவந்த மாத்திரை இவ்வாறு நின்றுவிடுவதே பெருந்தீங்கு.

மற்றொன்று மெய்யாகவே அஞ்சத்தக்கது. 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்ஸன் என்னும் இரு டாக்டர்கள் நியூயார்க்கில் இரண்டு சிறுவரிடம் கண்டெழுதியமையால் அவர்கள் பெயராலேயே வழங்குவது. முதலில் சுரமும் தொண்டை வலியும் கண்ணெரிச்சலும் தோன்றும். பிறகு தோல் அரிப்பதினும் மிகுதியாய் வலிக்கும். கருஞ்சிவப்புப் புள்ளிகள் கொப்புளமாகி, விரலால் தேய்த்தால் மேற்றோல் நழுவும். வாயும் கண்ணும் மறைவிடமும் புண்ணாகும். உடலின் பத்தில் மூன்று பங்குக்கு மேல் உரிந்துவிடின் அதனை நச்சு மேற்றோலழிவு என்பர். அந்நிலையுற்றோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறக்கின்றனர். பிழைத்தோரிலும் கண்பார்வை கெட்டவருண்டு. இதற்குக் காரணம் எப்போதும் புற்றுநோய் மருந்தேயென்று கொள்ளவும் கூடாது. நோய் மூளைக்குப் பரவியவர்க்கு வலிப்பைத் தடுக்கத் தரும் பினைட்டாயின் இதற்குப் பேர்போனது.

தர்மபுரி ஜில்லாவினர் இதை அறிந்திருத்தல் மிகவும் அவசியம். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒருவர் பெங்களூருக்கோ சென்னை அடையாற்றுக்கோ சென்று மருந்தேற்றிக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்பிவிடுவார். மேற்சொன்ன கொடிய கேடோ, அதற்குக் காரணமான மருந்தைத் தொடங்கிய நான்காம் நாள் முதல் நான்கு வாரத்திற்குள்ளேதான் பெரும்பாலும் தலைகாட்டும். அப்போது அருகிலிருப்பவர் மனைவியோ மகனோ அன்றி வைத்தியரல்லர். சுரத்தோடு வாய்ப்புண்ணும் கண் சிவப்பும் தோல் வலியும் கூடின், அடுத்த முறை மருந்தேற்றும் நாள் வரட்டுமென்று காத்திராமல், அன்றே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கேனும் அடுத்துள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கேனும் செல்லவேண்டும். உரிந்த தோலின்மேல் மஞ்சளும் சாம்பலும் பச்சிலையும் அப்புதல் கூடாது. மருந்தேற்றிய இரண்டாம் வாரத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருத்தலின், கிருமி புகுந்தால் உடல் எதிர்க்கமாட்டாது. தீப்புண் பட்டவர்க்குச் செய்யும் பராமரிப்பே இவர்க்கும் ஆகும். கண் வைத்தியரும் முதல் நாளிலேயே பார்க்கவேண்டும்.

போகும்போது உட்கொண்ட மருந்துகள் அனைத்தின் சீட்டுகளையும், காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிய மாத்திரை உட்பட, கையோடு கொண்டுபோதல் நலம். பருப்போன்ற எழுச்சி தணிந்தபின் அதே மாத்திரையைக் குறைந்த அளவிற் மீண்டும் தொடங்குவதுண்டு. தோலுரியச் செய்த மருந்தையோ அந்நோயாளிக்கு ஆயுள் முழுவதும் மறுபடி கொடுப்பதில்லை; ஆகவே அதன் பெயரை அவருடைய சீட்டின் முகப்பில் சிவப்பு மையால் எழுதிவைத்தல் வேண்டும்.