பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து நானோ செல்லுலோஸ்



செமஸ்டர் முடிஞ்சதும் ரெக்கார்டு நோட்டை என்ன செய்கிறோம்? பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கிறோம். அந்தக் காகிதம் ஆலைக்குப் போய், கூழாகி, மறுபடி காகிதமாகவோ அட்டையாகவோ வருகிறது. ஆனால் இது முடிவில்லாமல் நடக்காது. ஒவ்வொரு சுற்றிலும் நார் ஒடிந்து குட்டையாகிறது. காய்ந்து காய்ந்து விறைத்து, பக்கத்து நாரோடு ஒட்ட மறுக்கிறது. சுமார் 5 முதல் 7 சுற்றுக்குப் பிறகு காகிதத்துக்கு லாயக்கில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். அந்த நாருக்கு இன்னொரு வாழ்வு உண்டு.

தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்தால் புரி வரும். புரியைப் பிரித்தால் நார் வரும். காகித நாரும் அப்படித்தான். அதனுள்ளே சில நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழைகள் ஏராளம். (1 மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர்!) இவைதான் நானோ செல்லுலோஸ். எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம்? நார் குட்டையாக இருந்தால் நஷ்டமில்லை.

முதலில் சுத்தம்: காஸ்டிக் சோடாவில் கழுவி மையை நீக்க வேண்டும். காகிதத்தில் நிரப்பியுள்ள கால்சியம் கார்பனேட்டையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அமிலத்தைத் தின்றுவிட்டு நுரைக்கும்.

பிரிக்கும் முறைகள் இரண்டு:

1. இயந்திர முறை: அமெரிக்காவின் ஐ.டி.டி. ரேயோனியர் நிறுவனத்தில் டர்பாக் குழுவினர் மரக்கூழை, பாலைச் சீராக்கும் ஹோமோஜினைசரில் பலமுறை செலுத்தினார்கள். ஜெல் போன்ற பொருள் கிடைத்தது. 1983ல் இதை வெளியிட்டார்கள்.

2. அமில முறை: சுமார் 64 சதவீத கந்தக அமிலத்தில், 45 டிகிரி செல்சியஸில், முக்கால் மணி நேரம் வைத்தால் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து படிகங்கள் மிஞ்சும். பிறகு தண்ணீர் ஊற்றி நிறுத்தி, சென்ட்ரிஃபியூஜில் பிரிக்க வேண்டும். (மேற்பார்வை இல்லாமல் யாரும் இறங்காதீர்கள்!)

அப்படியானால் ஊரெல்லாம் ஏன் செய்யவில்லை? செலவுதான் காரணம். முன்பதப்படுத்தாத கூழை ஹோமோஜினைசரில் விட்டால் டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். என்சைமால் முதலில் இளக்கினால் இது வெகுவாகக் குறையும். அமில முறையிலோ கழிவு அமிலத்தை மீட்காவிட்டால், குப்பையைக் குறைக்கப் போய் ஆற்றைக் கெடுத்த கதையாகிவிடும்.

பலன் என்ன? இதைச் சிறிதளவு பழைய கூழில் கலந்தாலே காகிதம் உறுதியாகிறது. ஆனால் கூழிலிருந்து தண்ணீர் வடிய நேரமாகும். மெஷின் வேகம் குறையும். அளவாகச் சேர்ப்பதில்தான் சாமர்த்தியம்.

தோழர்களே, "என்ன புராஜெக்ட் செய்வது?" என்று தேடுகிறீர்களா? மின்சாரத்தையும் தண்ணீரையும் எப்படிக் குறைக்கலாம் என்று யோசியுங்கள். எடைக்குப் போடும் நோட்டிலேயே விஷயம் இருக்கிறது!