அரைப்பேருக்குள் ஒரு நாவல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் நாவலின் எழுத்துப்படியும் கிடைத்தன. ஒரு பதிப்பகம் பதிலே போடவில்லை, இன்னொன்று தோட்டத்துக் கதை விற்காது என்று திருப்பி அனுப்பிவிட்டது, மற்றொன்று நீயே காசு கட்டினால் தங்கள் பெயரில் போடுவதாகச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். நாவலை முழுவதும் படித்தேன். இது அச்சுக்குப் போக வேண்டிய நாவல். நீயே போடு. காசு உன்னுடையது என்றால் பதிப்பகத்தின் பெயரும் உன்னுடையதாகவே இருக்கட்டும். பிரதிகள் யார் வீட்டில் இருக்கின்றன, எத்தனை விற்றது என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

சொந்தக் காசில் போடுவதைக் குறைவாக நினைக்கிறாய் என்று உன் எழுத்தில் தெரிகிறது. அந்த எண்ணத்தை விட்டுவிடு. தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் அவருடைய சொந்தப் பதிப்பாகத்தான் வந்தது. 1997இல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சி.சு. செல்லப்பா முதுமையில் 'சுதந்திர தாகம்' நாவலின் மூன்று பாகங்களையும் 1997இல் தாமே அச்சிட்டார். அந்த நூலுக்கு 2001இல் அகாதமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நம் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சாரல்நாடன் கொட்டகலையில் 'சாரல் வெளியீட்டகம்' என்று சொந்தமாகத் தொடங்கி மலையகத்து வரலாற்றைப் புத்தகமாக்கினார். பதிப்பாளர் தேடி வந்து மலிவு விலையில் நாவல் போட்ட காலமும் உண்டு. 1970களில் இந்தியப் புத்தக இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அந்த வரிசையில் வந்ததுதான். இன்று அப்படி ஒரு வாசல் இல்லை. அதற்காக நீ காத்திருக்கத் தேவையும் இல்லை.

விலையைப் பற்றித்தான் உன்னோடு நிறையப் பேச வேண்டும். ஆயிரம் ரூபாய் போட்டால்தான் மதிப்பு என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். உன் நாவலில் வருகிற மாரியாயி அதை வாங்குவாளா? 2024இல் நாள் சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாய் என்று ஆனது. அந்தக் கணக்கில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் 675. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பும் ஒரு பெண் அன்றைய கூலிக்குள் வாங்கக்கூடியதாக உன் புத்தகம் இருக்க வேண்டும். 500 ரூபாய்க்கு மேல் போகாதே. இது தர்மத்துக்காகச் சொல்வது இல்லை. உன்னை முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு எட்டாத விலையில் இந்த நாவல் வந்தால் மற்றவர்கள் பாராட்டி என்ன பயன்?

இந்த விலையில் முதல் திரும்புமா என்று கேட்பாய். ஒரு பிரதிக்கு 300 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள். கடைக்காரருக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாகக் கொடுத்தால் 333 ரூபாய்தான் உன் கைக்கு வரும். செலவு போக மிஞ்சும் 33 ரூபாய் பஸ் காசுக்குக்கூடப் போதாது. அதே பிரதியை நீ நேரில் விற்றால் 200 ரூபாய் மிஞ்சும். ஆகவே மலிவு விலை என்று முடிவெடுத்தால் கையில் கொண்டுபோய் விற்பது என்றும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். கடைக்குக் கொஞ்சம் கொடு, பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும்.

கையில் கொண்டுபோவது நம் மலைகளுக்குப் புதிதில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்கத் துரையின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக உள்ளே போனார். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மை மேடையில் பாடினார். தாம் எழுதிய பாட்டுகளை 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக அச்சிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு ஒரு பெண் நூல் போட்டிருக்கிறார்! பாட்டைக் கேட்டவர்கள் அந்த நூலை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அவருக்குப் பின்னும் வி.எஸ். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்றவர்கள் தாங்களே பாட்டுக் கட்டி, சில தாள்களில் அச்சடித்து, சனம் கூடுகிற இடத்தில் பாடிப் பாடி விற்றார்கள். அவர்களை இலக்கியக்காரர்களாக எண்ணிப் பார்க்க நமக்கு நீண்ட காலம் பிடித்தது. உன் பதிப்பு முயற்சிக்கு முன்னோடிகளைத் தேடினால் கொழும்புக்குப் போகாதே, இவர்களிடம் வா.

எனவே சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் தோட்டத்திலேயே வெளியீட்டை வை. ஹட்டனில் மண்டபம் எடுத்து, பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவழித்து, முதல் பிரதியை வாங்கிய பிரமுகர் பாதியில் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாம். கோயிலுக்கு முன்னால் பாய் விரித்தால் போதும். ஒரு அத்தியாயத்தை நீயே சத்தமாக வாசி, பெரட்டுக்களத்தில் கிழவி துரையோடு வாதாடும் அத்தியாயத்தை.

மின்னூலாகப் போட்டால் போதாதா என்று கேட்பாய். 2010இல் அமெரிக்காவில் அமாண்டா ஹாக்கிங் என்ற பெண், பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவல்களை மின்னூலாக 99 சென்டுக்கும் சில டாலருக்கும் விற்கத் தொடங்கிப் பத்து லட்சத்துக்கு மேல் பிரதிகள் கண்டார். பிறகு பெரிய பதிப்பகமே அவரைத் தேடி வந்தது. மின்னூலும் போடு, தடையில்லை. ஆனால் அவருடைய வாசகர்கள் ஏற்கெனவே திரையில் காசு கொடுத்துப் படிப்பவர்கள். உன் வாசகர்கள் அப்படி இல்லை.

இனி அச்சகம். புத்தகம் பொதுவாகப் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சாகும். உன் நாவல் 168 பக்கம் வருகிறது, அதாவது பத்துப் பாரமும் எட்டுப் பக்கமும். அந்த எட்டைக் குறைத்தால் செலவு குறையும். நான்காம் அத்தியாயத்தில் நுவரெலியா வர்ணனை நீள்கிறது. அங்கேயே குறைக்கலாம், நாவலுக்கும் நல்லது. எழுத்தைச் சிறிதாக்கி மட்டும் பக்கத்தைக் குறைக்காதே. லயத்து வெளிச்சத்தில் கண் வலிக்கும். முதலில் இருநூறு பிரதி, டிஜிட்டல் அச்சில். விற்றால் மறுபடி அடிக்கலாம். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், அது உண்மைதான். விற்காத எண்ணூறும் கட்டிலுக்கடியில் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் உண்மை. அம்மாவின் நகையை அடகு வைக்காதே. சீட்டுக் காசு வரும்வரை பொறுத்திரு.

பிழைத்திருத்தத்துக்கு உறவுக்காரர் அல்லாத ஒருவரைப் பிடி. எழுத்துப்பிழையை அவர் திருத்தட்டும். 'பெரட்டு', 'கொந்தரப்பு', 'காம்பரா' போன்ற தோட்டத்துச் சொற்களில் அவர் கை வைக்க விடாதே.

கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐஎஸ்பிஎன் எண் எடுத்துக்கொள். 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு ஒரு பிரதி அனுப்பு. மலையகத்துப் புத்தகங்கள் எத்தனையோ ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போயிருக்கின்றன.

நான்காம் அத்தியாயத்தைச் சுருக்கியதும் எனக்கு அனுப்பு. அட்டையில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண் படம் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா
ஹட்டன்