நிலப்படக் கலை

ஓர் ஊருக்கு வழி கேட்பவனிடம் நாம் வாயால் எவ்வளவு விரித்துரைத்தாலும் அவன் மயங்குதல் கூடும். தரையில் ஒரு குச்சியால் நான்கு கோடுகள் கிழித்து, “இது குளம், இது கோயில், இதற்கு மேற்கே நீ தேடும் ஊர்” என்று காட்டினால் அவன் எளிதில் தெளிவான். அக்கோடுகளே நிலப்படத்தின் தொடக்கம். அவற்றில் சாலையோர மரங்கள் இல்லை, வீடுகள் இல்லை, வழி செல்வோனுக்கு வேண்டியவை மட்டுமே உள்ளன. வேண்டுவனவற்றைக் கொண்டு, வேண்டாதனவற்றை விடுத்தலே நிலப்படக் கலையின் முதல் நெறியாகும்.

நிலத்தை அதன் முழு அளவில் தாளில் வரைதல் இயலாது. சுருக்கியே வரைதல் வேண்டும். அச்சுருக்கத்தின் விகிதத்தை அளவை என்பர். இந்திய நில அளவைத் துறையினர் வெளியிட்ட படங்களுள் ஒரு வகையின் அளவை 1:50,000 ஆகும். அஃதாவது, நிலத்தில் 1 கிலோமீட்டர் தொலைவு படத்தில் 2 சென்டிமீட்டராக அமையும். இவ்வளவையில் 5 மீட்டர் அகலமுள்ள சாலையை வரைந்தால், அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே பெறும். அத்தகைய கோடு கண்ணுக்கு நன்கு புலப்படாது. ஆதலின், வரைவோர் அதனைத் தடித்த கோட்டால் குறிக்கின்றனர். இது பிழையன்று, பயன் கருதி அறிந்தே செய்யும் மாற்றமாகும். எனினும், கோட்டின் தடிப்பைக் கொண்டு சாலையின் அகலத்தைக் கணக்கிடலாகாது என்பதைப் படிப்போர் உணர்தல் வேண்டும்.

இங்ஙனம் பொருள்களைக் குறிகளால் உணர்த்துவதால், அக்குறிகளின் பொருளைப் படத்தின் ஓரத்தில் விளக்குதல் வரைவோர் கடமை. மேற்கூறிய படங்களில் நீலம் நீர்நிலைகளையும், பச்சை காடுகளையும், மஞ்சள் விளைநிலங்களையும், சிவப்பு ஊர்களையும் சாலைகளையும் குறிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் பழுப்பு நிறத்தில் அமையும். இக்கோடுகள் நெருங்கியிருப்பின் மலைச்சரிவு செங்குத்தானது என்றும், விலகியிருப்பின் மென்சரிவு என்றும் அறியலாம். தட்டையான தாளில் மலையின் ஏற்றத்தையும் காட்டும் இம்முறை வியக்கத்தக்கதன்றோ?

உலகம் முழுவதையும் வரையும்போது வேறோர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. சாத்துக்குடிப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் பரப்பிப் பாருங்கள். கிழியாமலோ நீளாமலோ அது தட்டையாகப் படியாது. உருண்டையான புவியும் அத்தகையதே. 1569ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்னும் அறிஞர் மாலுமிகளுக்கென ஓர் உலகப்படம் வரைந்தார். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் செல்லும் கப்பலின் வழி அப்படத்தில் நேர்கோடாக அமைந்தது. ஆனால், அந்நலத்தைப் பெறுவதற்குத் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பரப்புகளைப் பெருக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. அதனால் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனினும் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது! கடற்பயணத்திற்கு ஏற்ற அப்படம் நாடுகளின் பரப்பை ஒப்பிடுவதற்கு ஏற்றதன்று.

எனவே, எப்பயன் கருதி வரையப்பட்டது என்பதை அறிந்தே ஒரு படத்தை மதிப்பிடல் வேண்டும். பயன் தெளிவாயின் சில கோடுகளும் பேருண்மையை உணர்த்தும். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா நோய் பரவி, 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் குடிநீரை ஐயுற்று, இறந்தோர் எங்கு நீர் பருகினர் என்று ஆராய்ந்தார். பிராட் தெருவிலிருந்த அடிகுழாயே கேட்டின் ஊற்று என்று கண்டு முறையிட்டார். செப்டம்பர் 8ஆம் நாள் அதன் கைப்பிடி அகற்றப்பட்டது. பின்னர், இறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடாக, அவரவர் வீடிருந்த இடத்தில் குறித்து ஒரு படம் வெளியிட்டார். அப்பகுதியின் அடிகுழாய்களும் அதில் இடம் பெற்றன. கறுப்புக் கோடுகள் பிராட் தெருக் குழாயைச் சூழ்ந்து நெருங்கி நின்றன. பெயர்ப்பட்டியலில் எளிதில் புலப்படாத தொடர்பு படத்தில் கண்கூடாயிற்று.

மாணவர்களே! நிலப்படம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் உங்கள் ஊரைத் தேடுதல் இயல்பு. அதற்கு முன்னர் வடதிசை எது, அளவை யாது, குறிகள் எவற்றை உணர்த்துகின்றன என்று நோக்குங்கள். அதன்பின், இப்படம் எவற்றைக் காட்டாது விடுத்தது, ஏன் விடுத்தது என்றும் வினவுங்கள். அவ்வாறு வினவுவோர்க்கே நிலப்படம் நம்பத்தக்க வழித்துணையாகும்.