விண்டோஸ் 11: மேம்படுத்தும் முன் அறிய வேண்டியவை

இணையவழி வங்கிச் சேவையைக் கணினியில் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறைவு செய்தது. கணினி முன்போலவே இயங்கும். ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் தாமாக வந்து சேரா. கடவுச்சொல்லைக் களவாடும் தீநிரல்கள் அக்குறைகளின் வழியாகவும் நுழையக்கூடும்.

செலவு எவ்வளவு? உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள, தகுதி வாய்ந்த கணினியை விண்டோஸ் 11க்கு மேம்படுத்தக் கட்டணம் இல்லை. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட 64 பிட் செயலி, செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 ஆகியவை அடிப்படைத் தேவைகள். டிபிஎம் என்பது மறையாக்கத் திறவுகோல்களை வன்பொருளிலேயே காக்கும் அமைப்பாகும். 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவசச் செயலி உங்கள் கணினியின் தகுதியைத் தெரிவிக்கும்.

தகுதியற்ற கணினி எனில், உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தை 30 டாலருக்கு நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிப்போருக்குக் கட்டணமின்றியும் அதனை வழங்கியது.

மேம்படுத்தும் முன் முக்கியக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள 'விண்டோஸ் அப்டேட்' வழியாக மட்டுமே மேம்படுத்துங்கள். மேம்படுத்தித் தருவதாகத் தொலைபேசியில் அழைத்துப் பணமோ ஓடிபியோ கேட்பவர் எவராயினும், அழைப்பைத் துண்டிப்பதே அறிவுடைமை.