தஞ்சாவூர் டு சியோல்: ஒரு கச்சேரிக்கான கிரிட்டிகல் பாத்

2024 ஜனவரி 2-ஆம் தேதி திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 4-ஆம் தேதி, அடுத்த மாவட்டமான கரூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் மூன்று மாணவிகள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கொரியாவுக்குக் கிளம்பினார்கள். வயது 13. மூணு பேரிடமும் சேர்த்து 14,000 ரூபாய். பி.டி.எஸ். குழுவைப் பார்க்கணும், அவ்வளவுதான். ஈரோட்டில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல் என்பது திட்டம். சென்னையோடு நின்றுபோனது. திரும்பி வரும் வழியில், காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் அவர்களைப் பத்திரமாக மீட்டார்கள்.

செய்தி வந்தப்போ நிறைய பேர் சிரித்தார்கள். நாம இன்ஜினியரிங் மாணவர்கள், சிரிக்காம இதை ஒரு ப்ராஜெக்ட்டா பார்ப்போம். வழி இருந்தது, பட்ஜெட் இருந்தது, குழு இருந்தது. இல்லாதது என்ன?

ஒன்று, அந்தத் திட்டத்தில் பாஸ்போர்ட், விசா என்ற படிகளே இல்லை. இரண்டு, விசாகப்பட்டினத்திலிருந்து கொரியாவுக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. மூன்றாவதுதான் மனசைப் பிசையும். 2023 டிசம்பருக்குள் பி.டி.எஸ்.ஸின் ஏழு பேரும் கட்டாய ராணுவ சேவைக்குப் போய்விட்டார்கள். 2025 ஜூனில்தான் எல்லோரும் முடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் சியோல் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தாலும் மேடையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல பெரிய அறிவாளி வேண்டாம். வீட்டில் ஒருத்தரிடம் வாய்விட்டுக் கேட்க முடிந்திருந்தால் போதும். நீங்களும் ஏதோ ஒரு இசைக்குழுவுக்காக வெளிநாடு போகணும்னு மனசுக்குள் வைத்திருந்தால், அதை வெளியே எடுத்துப் பேப்பரில் போடலாம் வாங்க.

நமக்குத் தெரிஞ்ச சி.பி.எம்.

கிரிட்டிகல் பாத் மெத்தட் ஞாபகம் இருக்கா? 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் உருவானது. பரீட்சைக்கு 16 மார்க் கேள்வியா படிச்சு மறந்திருப்போம். விஷயம் எளிது. வேலைகளைப் பட்டியல் போடு, எது முடிந்தால் எது தொடங்கும் என்று எழுது, ஒவ்வொன்றுக்கும் காலம் போடு. ஆக நீளமான பாதைதான் ப்ராஜெக்ட்டின் மொத்தக் காலம். அந்தப் பாதையில் ஒரு வாரம் தாமதமானால் எல்லாமே ஒரு வாரம் தாமதம். மற்ற பாதைகளில் கொஞ்சம் இழுத்துக்கலாம், அந்த இடைவெளிக்குப் பேர் ஃப்ளோட்.

சியோலில் ஒரு கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள வாரக் கணக்கு நான் திட்டமிடுவதற்காகப் போட்டது. உங்க நிலைமைக்கு மாற்றிக்கோங்க.

அ. சான்றிதழ்களில் பெயர் சரிபார்ப்பு: 3 வாரம்
ஆ. பாஸ்போர்ட்: 5 வாரம் (அ முடிந்த பிறகு)
இ. ஆறு மாத வங்கிக் கணக்குப் பதிவு: 26 வாரம் (எதற்கும் காத்திருக்க வேண்டாம்)
ஈ. கச்சேரி டிக்கெட்: 1 வாரம் (ஆ முடிந்த பிறகு)
உ. விசா: 4 வாரம் (ஆ, இ, ஈ மூன்றும் முடிந்த பிறகு)
ஊ. விமான டிக்கெட், தங்கும் இடம்: 3 வாரம் (உ முடிந்த பிறகு)

இப்போ கூட்டுங்க. அ-ஆ-ஈ-உ-ஊ பாதை 16 வாரம். இ-உ-ஊ பாதை 33 வாரம். எல்லோரும் பாஸ்போர்ட்டும் கச்சேரி டிக்கெட்டும்தான் கஷ்டம்னு நினைக்கிறோம். அவற்றுக்கு 17 வாரம் ஃப்ளோட் இருக்கு. கிரிட்டிகல் பாத்தில் உட்கார்ந்திருப்பது வங்கிக் கணக்கு! கச்சேரி அறிவிப்பு வந்த அன்னைக்கு வேலையை ஆரம்பித்தால் பெரும்பாலும் லேட் என்பதற்குக் காரணம் இதுதான். ஆறு மாதப் பதிவைக் காசு கொடுத்தும் வேகப்படுத்த முடியாது.

நம்ம ஊர் வருமானம், அவங்க ஊர் படிவம்

தென்கொரியாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். சென்னையிலேயே அவர்களின் துணைத் தூதரகம் இருக்கு. மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், செலவை ஏற்கும் அப்பா அல்லது அம்மாவின் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் கேட்பார்கள். பட்டியலைப் பார்த்தாலே மாதச் சம்பளக்காரர் வீட்டை நினைத்து எழுதியது என்று தெரியும்.

டெல்டாவில் பல வீடுகளில் மாதச் சம்பளம் கிடையாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அந்தப் பணம் செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பா அறுப்பு தை, மாசியில். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பிறகு பணம் கணக்கில் ஏறும். வருஷத்துக்கு இரண்டு தடவை பெரிய தொகை, நடுவில் உரக்கடை, ஆள் கூலி, நகைக்கடன் வட்டி. விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு இருப்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாத அப்பாக்களே அதிகம்.

அதனால் நம்மால் முடியாதுன்னு அர்த்தமில்லை, விளக்கிச் சொல்லணும். அதற்குச் சில வழிகள்:

நெல் விற்ற பணத்தைக் கணக்கில் வந்தவுடன் மொத்தமாக எடுத்து வீட்டில் வைக்காமல், செலவு போக மீதியைக் கணக்கிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்க. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கைமாற்று வாங்கி ஒரே அடியாகப் போடும் இரண்டு லட்சம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

சிட்டா, அடங்கல், தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு நோட்டரி கையெழுத்து வாங்கி இணையுங்க. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்க: எங்கள் குடும்ப வருமானம் நெல், ஆண்டுக்கு இரண்டு போகம், இந்தத் தேதியில் வந்த தொகை இந்த அறுவடைக்கானது. படிப்பவருக்குக் கணக்கு புரியணும். இதையெல்லாம் கொடுத்தாலும் விசா தருவது அவர்கள் முடிவு. ஆனா புரியாத கணக்கை விடப் புரிந்த கணக்கு எப்பவும் மேல்.

அக்டோபர் 1-இல் ஆரம்பித்துப் பாருங்க. குறுவைப் பணம் கணக்கில் இருக்கும். 26 வாரத்தில், ஏப்ரல் 1-க்குள், சம்பாப் பணமும் ஏறியிருக்கும். 33 வாரம் முடிவது மே 20. பொதுவா செமஸ்டர் பரீட்சையை ஒட்டி வரும் காலம், உங்க டைம்டேபிளைப் பார்த்து ஒன்றிரண்டு வாரம் தள்ளிக்கலாம். நம்ம விவசாயக் காலண்டர் இந்த ப்ராஜெக்ட்டுக்குத் தடை இல்லைங்க, சரியா ஆரம்பித்தால் அதுவே அட்டவணை.

இனிஷியல் என்னும் தலைவலி

17 வாரம் ஃப்ளோட் இருக்குன்னு அசந்துவிடக் கூடாது. தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னாடி, ஆதாரில் பின்னாடி, வங்கியில் அப்பா பேர் முழுசா. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதணும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நாம அப்பா பேரைப் போடுவோம். அதைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயராக வாங்கினால், பிறகு விமான டிக்கெட் படிவத்தில் மாட்டிக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருவதற்கே தடை போட்டது. கச்சேரி டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கணும், வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கு, திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வருது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணமாக 1,500 ரூபாய் இருந்து வருகிறது. கட்டும் முன் ஒரு முறை பார்த்துக்கோங்க. ஹாஸ்டலில் இருப்பவர்கள் எந்த முகவரி கொடுப்பது என்று முதலிலேயே முடிவு பண்ணுங்க, போலீஸ் விசாரணை அந்த முகவரிக்குத்தான் வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கொரியா நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 8 மணிக்கு டிக்கெட் விற்பனை என்றால் இங்கே மாலை 4.30, காலேஜ் பஸ் கிளம்பும் நேரம்! விசா கையில் வருவதற்கு முன் திருப்பித் தராத விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீங்க. விண்ணப்பத்தோடு உத்தேசப் பயணத் திட்டம் வைத்தால் போதும்.

வீட்டில் எப்படிச் சொல்றது?

சி.பி.எம். அட்டவணையில் போட முடியாத வேலை இது. ஆனா மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இதுதான், ஏன்னா கிரிட்டிகல் பாத்தே அப்பாவின் பாஸ்புக் வழியாகப் போகுது.

"பாட்டு கேட்கறதுக்கு ப்ளேன்ல போகணுமா?" என்று கேட்பார்கள். பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரத்தில் திருவையாறு. ஒவ்வொரு ஆண்டும் தியாகராஜர் ஆராதனைக்கு, காவிரிக் கரையில் தரையில் உட்கார்ந்து ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாட, கடல் தாண்டி லீவு போட்டு வருகிறவர்கள் இருக்காங்க. அவர்களை நாம பைத்தியம் என்று சொல்வதில்லை, ரசிகர் என்கிறோம். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 1960-களில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தமிழ்நாட்டுக்கு வந்து கர்நாடக இசை கற்று, ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே பெயர் வாங்கினார். திருவையாற்றிலும் பாடினார். அவரும் வேற்று மொழிப் பாட்டுக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர்தான்.

அந்த உதவித்தொகை வழி நமக்கும் உண்டு. கொரிய அரசின் குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்பில் முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம், விமானச் செலவு, மாத உதவித்தொகையோடு மொழிப் பயிற்சியும் தருகிறார்கள். சென்னை இன்கோ சென்டரில் கொரிய மொழி வகுப்பு நடக்குது. நாலு நாள் கச்சேரிக்குப் பதில் இரண்டு வருஷப் படிப்பு என்றால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி போகும்.

கப்பல் ஆசை இருப்பவர்களுக்கும் ஒரு தகவல். 2023 அக்டோபர் 14 அன்று நம்ம நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இங்கிருந்து கப்பலில் வெளிநாடு போவது கற்பனை இல்லை. ஏறப் பாஸ்போர்ட் வேணும்.

இந்த வாரம் ஒரு வெள்ளைத் தாளில் உங்க பட்டியலைப் போடுங்க, வாரக் கணக்கை எழுதுங்க, அப்பா அம்மாவிடம் காட்டுங்க. அடுத்து, வீட்டில் எட்டாம் வகுப்புத் தங்கச்சி இருந்தால் அவளுக்கும் ஒரு தாள் கொடுங்க. "அக்கா, கொரியாவுக்கு எப்படிப் போகணும்?" "அண்ணா, எவ்வளவு ஆகும்?" என்று அவள் கேட்டால் சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் காட்டுங்க. அந்தக் கணக்கில் 33 வாரம் வராது, அஞ்சாறு வருஷம் வரும். வந்தால் வரட்டும், தனியா ஈரோட்டில் ரயில் ஏற மாட்டாள்.