இரு செவியும் ஒலித்திசையும்

ஆனைமலைக் காட்டில் இருவாச்சிப் பறவை பறக்குங்கால் அதன் சிறகோசை நெடுந்தொலைவு கேட்கும். மரச்செறிவினாற் பறவை கண்ணுக்குப் புலப்படாது. எனினும், அது இடப்புறமிருந்து வந்து தலைக்குமேற் கடந்து வலப்புறம் சென்றது என்பதைச் செவிகளே அறிவித்துவிடும்.

இஃது எவ்வாறு இயலுகின்றது? இடப்புறத்தில் எழும் ஓசை இடச்செவியை முதலில் அடைகின்றது. தலையைச் சுற்றி வலச்செவியைச் சற்றுப் பின்னர் அடைகின்றது. அவ்விடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்தது. இடையே தலை மறைத்தலால் வலச்செவியில் ஓசை மெலிந்தும் ஒலிக்கும். செவிமடலின் மடிப்புகளோ, ஓசை மேலிருந்து வந்ததா, பின்னிருந்து வந்ததா என்பதற்குக் குறிப்புத் தருகின்றன. இவற்றைக் கொண்டே மூளை திசையைத் துணிகின்றது.

மனிதத் தலை போன்ற பொம்மைத் தலை ஒன்றன் இரு செவித்துளைகளிலும் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்தால், இவ்வேறுபாடுகளும் உடன் பதிவாகும். இதனை இருசெவி ஒலிப்பதிவு, அதாவது பைனாரல் பதிவு என்பர். இதன் கரு பழையது. 1881-ஆம் ஆண்டு பாரிசு நகரத்து மின்பொருட்காட்சியின்போது, கிளெமான் அடேர் என்பார் ஆபெரா நாடக மேடையில் தொலைபேசி ஒலிவாங்கிகளை அமைத்தார். காட்சிக்கூடத்தில் செவிக்கொன்றாகக் கேட்பான்களை வைத்துக் கேட்டவர்கள், பாடகர் மேடையில் இடம் பெயர்வதையும் உணர்ந்தனர்.

இத்தகைய பதிவை ஒலிபெருக்கிகளிற் கேட்டால் இடப்பெட்டியின் ஓசை வலச்செவியையும் சென்று சேர்ந்து குழப்பும். ஆதலின் ஹெட்போனோ இயர்போனோ வேண்டும். வாங்குவோர் விலையையும் அதிரும் தாளவொலியையும் பார்க்கின்றனர். முதலில் நோக்கத்தக்கது இருபுறச் சமனேயாம். ஒரே குரலை இருபுறமும் ஒரே அளவாக ஒலிக்கச் செய்க. அக்குரல் தலையின் நடுவே நிற்றல் வேண்டும். ஒருபுறம் சாயுமாயின் அக்கருவி இதற்கு ஆகாது. இடவலம் மாற்றி அணிந்தாலோ இருவாச்சி எதிர்த்திசையிற் பறக்கும்! கைப்பேசியில் இருபுற ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ அமைப்பு இயங்காதிருத்தலும் வேண்டும். இவையெல்லாம் செவ்வனே இருப்பினும், முன்னெழும் ஓசை சிலருக்குப் பின்னெழுவதாகத் தோன்றும். அது கருவியின் குற்றமன்று. பொம்மையின் செவிமடலும் நம் செவிமடலும் ஒத்திராமையே காரணமாகும்.

செவியை மூடும் ஹெட்போனில் ஒருவகையின் புறவோடு திறந்திருக்கும். ஓசை தலைக்கு வெளியே பரந்து நிற்பதாகத் தோன்றச் செய்வதில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ஆனைகட்டி போன்ற அமைதியான மலைச்சிற்றூரில் இது பொருந்தும். ஆனால் சோமனூரிலோ பல்லடத்திலோ, விசைத்தறிக்கூடத்தை அடுத்த வீட்டில் இருப்பவன் இதனை வாங்கலாமா? நாடா அடிக்கும் ஓசை தடையின்றி உட்புகும், அதனை வெல்ல அவன் ஒலியைக் கூட்டுவான், பின்னும் கூட்டுவான். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அவனுக்கு ஏற்றது செவித்துளையில் நன்கு பொருந்தி அடைக்கும் இயர்போன், அல்லது புறவோடு மூடிய ஹெட்போன். இயர்போனுடன் தரப்பெறும் ரப்பர் முனைகளில் தன் செவிக்கு இசைந்த அளவைத் தேர்தல் வேண்டும். தளர்ந்தால் தறியோசை புகும். இரைச்சலை மின்முறையில் தணிக்கும் கருவிகளும் உள. அவை பேருந்தின் இடையறாத உறுமலை நன்கு தணிக்கும். நாடாவின் படபடப்பை அவ்வளவாகத் தணிப்பதில்லை. எக்கருவியாயினும், தறிகள் ஓய்ந்திருக்கும் வேளையில் ஒலியளவை ஒருமுறை அமைத்துக்கொண்டு, அவை ஓடத் தொடங்கியபின் அதனை உயர்த்தாமற் கேட்டுப் பார்க்கலாம். சிறகோசை அப்பொழுதும் செவிக்கு எட்டுமாயின் அக்கருவி அவ்வீட்டிற்குப் பொருந்தியதாகும்.