நண்டு ஓட்டிலிருந்து நானோ துகள்

குமரி மாவட்டத்தின் சின்னமுட்டம், முட்டம், குளச்சல் கரைகளில் வந்திறங்கும் இறாலிலும் நண்டிலும் தசை உணவாகிறது, ஓடு குப்பையாகிறது. அவ்வோட்டில் கைட்டின் என்னும் இயற்கைப் பலபடி பொதிந்துள்ளது. 1811இல் பிரெஞ்சு அறிஞர் பிராக்கனோ இதனை முதன்முதலில் பிரித்தறிந்தது கடலுயிரில் அன்று, காளானில்.

நீர்த்த அமிலம் ஓட்டின் சுண்ணத்தைக் கரைக்கும். காரம் புரதத்தை நீக்கும். எஞ்சிய கைட்டினை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும்போது அது நேர்மின்சுமை பெறுகிறது. மருந்து கலந்த அக்கரைசலைக் கலக்கியவாறே, எதிர்மின்சுமையுடைய டிரைபாலிபாஸ்பேட்டுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்து நானோ துகள்கள் தாமே உருவாகின்றன. மருந்து அவற்றுள் அடைபடுகிறது. உடலுக்கு ஊறு செய்யும் கரிமக் கரைப்பான் எதுவும் வேண்டுவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. இன்சுலின் போன்று எளிதில் சிதையும் புரத மருந்தையும் இவ்வாறு ஏற்றலாம்.

எனினும், இயற்கையில் கிடைப்பதெல்லாம் உடலுக்கு இணக்கமானது எனக் கருதலாகாது. இறால் உண்டதும் சிலர்க்கு மேனி தடிக்கிறதே, அதற்கு அதன் புரதமே பெரிதும் காரணம். அப்புரதமோ நுண்ணுயிர் நச்சோ எஞ்சியிருப்பின், மருந்தைச் சுமக்கும் துகளே நோயைத் தரும். ஆகவே, தூய்மையாக்கலே இப்பணியின் கடினமான பகுதி. உடலினுள் செலுத்தும் பொருள்கள் குருதிக்கும் உயிரணுக்களுக்கும் ஊறு விளைக்கின்றனவா எனச் சோதிக்கும் ஆய்வகங்கள், அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உள்ளன.

குருதிப்பெருக்கை நிறுத்தும் கைட்டோசான் கட்டுத்துணிகள் இன்று பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. மருந்தேந்தும் நானோ துகள்களோ பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளன.